வீட்டுக்குப் போன மூட்டை

புதுச்சேரியை அடுத்த வில்லியனூர் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். கடைத்தெருவிலேயே பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது, 'மூக்குக் கடை' என்றால்தான் தெரியும். மூக்கு பெரியது என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண மூக்குதான், கொஞ்சம் சப்பை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்த மூக்குக்குத் தெரியாமல் ஒரு மணி தானியம் அந்தக் கடையில் விலை போனதில்லை.

மூட்டை வந்து இறங்கினால் மற்ற கடைக்காரர்கள் குத்தூசியால் குத்தி, கையில் விழுந்த நாலு மணியைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். இவர் மூட்டையின் வாயைப் பிரித்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, முழங்கை வரை உள்ளே விடுவார். அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து வாயால் ஊதிச் சூடேற்றி, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்ப்பார். அந்த நேரத்தில் கடையில் யாரும் பேசக் கூடாது. பேசினால் அவர் கண்ணைத் திறக்காமலே கையை ஆட்டுவார். பிறகு ஒன்று "ஆவும்" என்பார், இல்லை "ஆவாது" என்பார். அதற்கு நடுவில் அவரிடம் பேச்சே கிடையாது. 'இருக்கலாம்', 'பார்க்கலாம்', 'லேசாத்தான் இருக்கு' என்று யாராவது ஆரம்பித்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"லேசா பூசணம்னு ஒண்ணு இருக்குதா? பூசணம் இருக்குது, இல்லாட்டி இல்ல. அவ்ளோதான்" என்பார்.

ஊர் அவரை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. கல்யாணச் சமையல்காரர் வெளியில் வாங்கிய நெய்யைக் கொண்டுவந்து மூக்கருகில் நீட்டுவார். பீரோவில் வெகுநாள் கிடந்த பட்டுப்புடவையை ஒரு அம்மாள் எடுத்துவந்து காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அவர் அலுத்துக்கொள்ளாமல் முகர்ந்து பார்த்து, "ஓரமா மட்டும் ஏறியிருக்கு, வெயில் காட்டு" என்று அனுப்பினார்.

எனக்கு அவர்மேல் முதலில் வந்தது எரிச்சல். நானும் என் கணவரும் அவர் வீட்டு மாடிக்குக் குடி வந்த நாள். வண்டியிலிருந்து சாமான் இறங்குகிறது. வீட்டுக்காரர் படிக்கட்டில் நின்றுகொண்டு எங்கள் மெத்தையை வழிமறித்தார். குனிந்து முகர்ந்தார். "ஆவாது" என்றார். தெருவே வேடிக்கை பார்க்க, எங்கள் மெத்தை அன்றைக்கு முழுக்க வாசலில் வெயிலில் கிடந்தது. நான் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்க்கிறவள். நாலு பேர் என்னிடம் வந்து நிற்பார்கள். எனக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. சாயங்காலம் அவர் மனைவி மேலே வந்து என் கையில் ஒரு தூக்குச் சட்டி சாம்பாரைக் கொடுத்து, "கோச்சுக்காதடி. எங்க கல்யாணத்தன்னிக்கு என் கூறைப் பொடவையவே மோந்து பாத்த ஆளு" என்றார். சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

வீட்டுக்காரரை வெறுத்துவிட முடியாதபடி அவரிடம் ஒன்று இருந்தது. ஏமாற்றத் தெரியாது. மூட்டை கொண்டுவருகிறவர்களே ஏமாற்றும்போது இவர் மட்டும் ஏன் ஏமாற்றவில்லை என்று மற்ற கடைக்காரர்களுக்கே அவர்மேல் கடுப்பு. ஒரு மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் கடைத்தெருவுக்குள் ஏறியபோது அவருடைய கிடங்கில் மல்லாட்டை மூட்டைகள் நனைந்தன. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பெயர். தண்ணீர் வடிந்த பிறகு அவர் ஒவ்வொரு மூட்டையாகக் கையை விட்டார். பாதிக்கு மேல் ஆவாது.

அப்போது ஒரு தரகர் வந்தார். "செக்குக்குப் போட்டுடலாம்பா. ஆட்டிட்டா எண்ணெயில ஒண்ணும் தெரியாது" என்றார்.

"அந்த எண்ணெய யாரு துன்றது?"

"யாரோ துன்னுட்டுப் போறாங்க."

"அந்த யாரோதான் நாளைக்கு என் கடைக்கு வந்து நிப்பாங்க. போ."

சரி, மாட்டுக்காவது போடலாம் என்று பக்கத்துக் கடைக்காரர் யோசனை சொன்னார். அதற்கும் இவர் ஒப்பவில்லை. மாடு தின்றால் பாலில் இறங்கும், பாலைக் குழந்தை குடிக்கும் என்றார். அப்படியென்றால் குப்பையில் கொட்ட வேண்டியதுதானே என்று நான்தான் கேட்டேன். என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசினவளைப் போலப் பார்த்தார். "இன்னாம்மா படிச்ச பொண்ணு இப்படிப் பேசற? லட்சுமிய எடுத்து யாராச்சும் குப்பையில கொட்டுவாங்களா?" என்றார். வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். தானியத்தைக் கொட்டினால் கடை விளங்காது என்று அவர் அப்பா காலத்திலிருந்து ஒரு பயம்.

விற்கக் கூடாது, செக்குக்குக் கூடாது, மாட்டுக்குக் கூடாது, கொட்டவும் கூடாது. அப்புறம் அது எங்கே போகும்? வீட்டுக்குப் போகும். கடைப்பையன் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டு நடையில் இறக்கிவிட்டுப் போவான். அந்த மழைக்கு மட்டும் இல்லை, வருஷம் பூரா அப்படித்தான். மக்கின அரிசி, பூசணம் பூத்த மிளகாய், மல்லாட்டை எல்லாம் அவருடைய கடையிலிருந்து ஊருக்குப் போகாமல் அவருடைய வீட்டு அடுப்படிக்குப் போயின. ஊரைக் காப்பாற்றிய மனிதருக்கு வீடும் ஊருக்குள்தான் இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

அக்கா அதை மாடிக்குக் கொண்டுவந்து அலசுவார். கருத்ததையும் பச்சையாகப் பூத்ததையும் பொறுக்கி எடுத்துவிட்டு, மீதியைப் பழைய வேட்டியில் பரப்பி வெயிலில் காயப்போடுவார். என் வீட்டு வாசலே அதுதான், அதனால் நானும் உட்கார்ந்து பொறுக்குவேன். காய்ந்த பிறகு பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். வாடையை மட்டும் எந்த வெயிலாலும் முழுக்க எடுக்க முடியவில்லை. அக்காவுக்கு அது தெரியாது. அவருக்கு எப்போதும் சளி அடைத்த மூக்கு, பெருங்காயத்தை நேரே நீட்டினாலும் வாசனை தெரியாது.

கடையில் அவர் புருஷன் இதைப் பெருமையாகச் சொல்வார். சர்க்கரை மடித்துக்கொண்டே எல்லார் காதிலும் விழும்படி, "நான் ஆவாதுன்னு தள்ளினதைத்தான் எங்க வூட்டுல துன்றோம். என் பொண்டாட்டி கைபட்டா பூசணம் போன எடம் தெரியாது. அந்த மல்லாட்டைச் சட்னிய நீங்க துன்னு பாக்கணும். ஒரு சொட்டு வாடை வராது!" என்பார். மனைவியைப் பற்றி நாலு பேர் முன்னால் நல்ல வார்த்தை சொல்கிற ஆண்கள் எங்கள் தெருவில் குறைவு. அதனால் அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

அது எவ்வளவு பெரிய பொய் என்று ஒரு காலையில் தெரிந்தது. உறை மோர் வாங்குவதற்காகக் கீழே போனேன். அடுப்படியில் இரண்டு சட்னிக் கிண்ணங்கள் இருந்தன, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்னதில் மிளகாயும் புளியும் தூக்கலாக, செக்கச்செவேல் என்று இருந்தது.

"யாருக்குக்கா இவ்ளோ காரம்?"

"எனக்குத்தான். வாடை தெரியாட்டியும் நாக்குல கசக்குது, காரம் போட்டாதான் அது எறங்கும்."

"எது?"

அக்கா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். கல்யாணமான புதிதில் ஒருநாள் கடையிலிருந்து வந்த மல்லாட்டையில்தான் கணவருக்குச் சட்னி அரைத்துப் போட்டாராம். வாய்க்குக் கொண்டுபோவதற்கு முன்பே அவர் தட்டைத் தள்ளிவிட்டாராம். "மறுநாளு எங்க ஊரு ஏம்பலத்துலர்ந்து என் தம்பி கொணாந்து வெச்ச மல்லாட்டையில அரைச்சேன். துன்னுட்டு, 'பாத்தியா, ஒழுங்கா காய வெச்சா வாடை பூடுது இல்ல?'ன்னாரு. நான் வாயத் தொறக்கல. அப்படியே வுட்டுட்டேன்."

"அப்படியேன்னா?"

"அப்படியேதான். அவருக்கு ஏம்பலத்துது, எனக்குக் கடைது. பொண்ணுக்கும் நல்லதைத்தான் போட்டு வளத்தேன். ஒருத்தி துன்றதுக்கு எவ்ளோ ஆவும், வூட்டுக்கு வர்றதும் தீந்துபூடுது."

அவருடைய தம்பி நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் போடுகிற விவசாயி. ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு மூட்டை அக்கா வீட்டுக்கு வந்துவிடும். பிறந்த வீட்டுச் சீர் என்று கணவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சீரைத்தான் தன் மனைவி தனக்கு நாள்தோறும் பரிமாறுகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "நீங்க ஏன்கா அதைத் துன்றீங்க? ராத்திரியில யாருக்கும் தெரியாம கொட்டிட வேண்டியதுதானே?" என்றேன்.

"கொட்டறதுக்கு எனக்கும் மனசு வராதுடி. நானும் இந்த வூட்டுல வந்து பழகினவதானே?" என்றார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இன்னொண்ணு சொல்றேன் கேளு. ஊரே அந்த மூக்கைத் தலையில வெச்சுக்கினு ஆடுது. என் பொடவை, உன் மெத்தை, எவன் வூட்டு நெய்யி, எல்லாத்துக்கும் அதுகிட்டதான் தீர்ப்பு. அந்த மூக்கை ஏமாத்தினவ நான் ஒருத்திதான். அவரு சப்புக்கொட்டித் துன்னும்போது எனக்கு உள்ளுக்குள்ள அவ்ளோ குஷியா இருக்கும். சொல்லிடாத, இன்னா?"

நான் சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டி விளையாட்டு, நமக்கு என்ன என்று இருந்துவிட்டேன். பூசணம் என்றால் வயிற்றைப் புரட்டும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு மேல் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

பிறகு அக்காவுக்கு உடம்பு இளைக்க ஆரம்பித்தது. ரவிக்கை தோளிலிருந்து நழுவியது. சாப்பாடு இறங்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்பார், அப்புறம் வாயு என்று ஓமத்தைக் கொதிக்கவைத்துக் குடிப்பார். ஒருநாள் மாடியில் வெயிலில் பார்த்தபோது கண் மஞ்சளாக இருந்தது. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். அது ஆகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர்கள் மகளைக் கடலூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள், அவள் அப்போது பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அதனால் லீவு போட்டுவிட்டு நான் கூடப் போனேன். படம் எடுத்தார்கள், ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். ஈரலில் புற்றுநோய் என்றார்கள். ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்றும் சொன்னார்கள்.

டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகப் பேசினாள். வீட்டில் யாருக்காவது இந்த நோய் உண்டா, முன்னால் காமாலை வந்ததா, ரத்தம் ஏற்றியதுண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தவள், கூட வந்திருந்த அக்காவின் கணவரைப் பார்த்து, "என்ன தொழில் பண்றீங்க?" என்றாள்.

"மளிகைக்கடை."

"பூஞ்சை பிடிச்ச வேர்க்கடலை, சோளம் இதெல்லாம் வீட்டுல சாப்பிடற பழக்கம் இருந்துச்சா?"

அவர் முகம் அப்போது போன போக்கை என்னால் மறக்க முடியாது. "ஏம்மா கேக்கற?" என்றார்.

"சில பூஞ்சை கடலையில ஒரு விஷத்தை விடும். கழுவினாலும் காயவெச்சாலும் வறுத்தாலும் அது முழுசா போகாது. வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனா ஈரலுக்கு ஆபத்து. அதனால பொதுவா கேக்கற கேள்விதான் இது. வேற காரணமும் நிறைய இருக்கு. இவங்களுக்கு எதனால வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது."

அவர் அதோடு விடவில்லை. நாற்காலி நுனிக்கு வந்தார். "பூசணம் மனுஷன் உடம்புக்குள்ளயே வளருமா?"

"நம்ம எல்லார் வாயிலயும் குடல்லயும் பூஞ்சை கொஞ்சம் இருக்கத்தான் இருக்கு. பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது. இப்ப சில புற்றுநோய்க் கட்டிகளுக்குள்ளயும் அதோட தடயம் தெரியுதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. அதை நம்பாதவங்களும் இருக்காங்க. இருக்குதுன்னே வெச்சுக்கிட்டாலும், அது கட்டியை வளர்க்குதா, இல்ல கட்டி வந்த இடத்துல போய் ஒண்டிக்குதா, இன்னும் தெரியாது."

அவர் எதையும் தொழிலை வைத்துத்தான் யோசிப்பார். "அதாவது, மூட்டை கெட்டதால பூசணம் ஏறுச்சா, பூசணம் ஏறினதால மூட்டை கெட்டுச்சான்னு தெரியாது. அதானே?"

"அதேதான்."

"யாருக்குமே தெரியாதா?"

"இப்போதைக்குத் தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

வாழ்நாள் முழுக்க 'இருக்கலாம்' என்ற வார்த்தையைக் கடைக்குள் விடாத மனிதர். அந்த வார்த்தையை மடியில் வாங்கிக்கொண்டு எதுவும் செய்யத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்து, கொஞ்சம் உரக்கவே சொன்னார்: "நானும் அதைத்தாம்மா துன்னேன். அதே மல்லாட்டை, அதே சட்னி. ஒரே அடுப்பு. எனக்கு ஒண்ணும் ஆவலையே? அப்ப அது இல்ல. அதுவா இருக்காது."

டாக்டர், ஒரே சாப்பாடு சாப்பிட்டாலும் எல்லார் உடம்பும் ஒன்றாக இருக்காது என்று ஏதோ சொன்னாள். அது அவர் காதில் ஏறவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அக்கா என்னைப் பார்த்தார். தலையை லேசாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தார். சொல்லிடாத.

அவர் மாத்திரை வாங்கப் போன பிறகு அக்காவிடம் சண்டைக்கே போனேன். நோயாளி என்றுகூடப் பார்க்கவில்லை. அழுகையும் கோபமுமாக வந்தது. "இப்பவாச்சும் சொல்லுங்கக்கா. டாக்டருக்காவது தெரியட்டும்" என்றேன்.

"டாக்டர் கிட்ட வேணா சொல்லு. தெரிஞ்சா அவங்க மட்டும் இன்னா பண்ணப்போறாங்க? அவரு கிட்ட வேணாம்." மூச்சு வாங்க நிறுத்திவிட்டுச் சொன்னார். "'நானும் துன்னேன்'ங்கிற அந்த ஒரு பேச்சைப் புடிச்சுக்கினுதான் நிக்கறாரு. அதையும் உருவிட்டா ஆளு வுழுந்துடுவாரு. நான் போனப்புறமும் சொல்லாத."

டாக்டரிடம் தனியாகச் சொன்னேன். அவள் பேனாவை மூடிவைத்தாள். "அப்பவும் இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுக்கா. அவருக்குத் தெரிஞ்சா அவரே சொல்லிப்பாரு, அதனாலதான்னு" என்றாள். நானும் வாயைக் கட்டிக்கொண்டேன்.

அந்த மாதங்களில் அவரைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. கடையில் உட்கார்ந்து போனில் வீடியோவாகப் பார்த்தார். வெள்ளைக் கோட்டு போட்ட யார் யாரோ பூஞ்சையைப் பற்றிப் பேசுவார்கள். ஒருவன் உப்புச்சோடா குடித்தால் சரியாகிவிடும் என்பான், ஒருவன் தயிரை விடச் சொல்வான், ஒருவன் எல்லாம் கட்டுக்கதை என்பான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் வருவார். "ஒருத்தனாச்சும் ஆவும், ஆவாதுன்னு சொல்றானா பாரு. எல்லாரும் வழவழ கொழகொழன்னு பேசறான்" என்பார். சோடாவையெல்லாம் அக்காவுக்குக் கொடுக்கவிடாமல் டாக்டரைக் கொண்டு நான்தான் தடுத்தேன்.

இதில் பெரிய கொடுமை, ஆவாத மூட்டை அப்போதும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கடைப்பையன் நடையில் இறக்குவதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே கடைக்குப் போய், "இனிமே இதை வூட்டுக்கு அனுப்பாதீங்கண்ணே. டாக்டர் சொன்னது காதுல வுழலையா?" என்று கேட்டேன்.

"ஏன் அனுப்பக் கூடாது?" என்று எழுந்துவிட்டார். அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான். "இவ்ளோ வருஷம் நான் துன்னலையா? நான் கல்லு மாதிரி நிக்கல? இப்ப நிறுத்தினா இன்னா அர்த்தம்? அதனாலதான் அவளுக்கு வந்துச்சுன்னு நானே சொல்ற மாதிரி ஆவாதா?" கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. கடையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இனிமேல் ஒன்றும் இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஒரு மத்தியானம் கஞ்சி எடுத்துக்கொண்டு கீழே போனேன். அக்கா தூக்கத்தில் இருந்தார். அவர் கணவர் கட்டில் பக்கத்தில் தரையில் மண்டியிட்டு, மனைவியின் வாயருகில் முகத்தைக் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையை எடுத்து முகர்ந்தார். கழுத்து, காது, தலைமயிர் எல்லாவற்றையும் முகர்ந்தார். கடையில் மூட்டைக்கு முன்னால் நிற்கிற அதே முகம். என்னைப் பார்த்ததும் வெட்கப்படக்கூட இல்லை. "ஒண்ணுமே தெரியலம்மா. மருந்து வாடைதான் வருது. அதுக்கு அடியில இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியல" என்றார். கஞ்சியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அக்கா ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். ஏம்பலத்துத் தம்பி வந்து கதறினார். கருமாதி வரை வீடு நிறைய சொந்தக்காரர்கள், யார் யாரோ சமைத்தார்கள், அக்கா கணவர் எதையும் சரியாகச் சாப்பிடவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு மகள் மட்டும் கைக்குழந்தையோடு அப்பாவுக்குத் துணையாகத் தங்கினாள். அம்மாவைப் போலவே வேலை. வந்த கையோடு வீட்டைக் கழுவினாள், பரணைத் தட்டினாள், நடையில் கிடந்த மூட்டையைக் கண்டதும் அதையும் மாடிக்கு எடுத்துவந்து அலசிக் காயப்போட்டாள். நான் அப்போது ஆபீசில் இருந்தேன். இருந்திருந்தால் தடுத்திருப்பேனா, எந்தக் காரணத்தைச் சொல்லித் தடுத்திருப்பேன் என்று இன்னும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் காலை குழந்தைக்குப் பால் கொண்டுபோனபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். மகள் இட்லி வைத்துச் சட்னி ஊற்றினாள். "உனக்குப் புடிச்ச மல்லாட்டைச் சட்னிபா. கொஞ்சமாச்சும் துன்னு" என்றாள்.

அவர் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து எடுத்தார். பாதி தூரத்தில் கை நின்றது.

"இன்னாமா இது?"

"மல்லாட்டைதான்பா. நீ கடையிலர்ந்து அனுப்பினது, நடையில கெடந்துச்சு இல்ல, அதான். அம்மா பண்ற மாதிரியே பொறுக்கிக் கழுவி மாடியில காய வெச்சேன்."

"நல்லா காஞ்சுதா?"

"நேத்து பூரா நல்ல வெயிலுபா. மொறுமொறுன்னு காஞ்சுது."

அவர் கை அப்படியே இருந்தது. விரலிலிருந்து சட்னி தட்டில் சொட்டியது. அந்த முகத்தில் ஒவ்வொன்றாகக் கணக்கு ஓடுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இதுதான் அந்த மல்லாட்டை என்றால், இவ்வளவு வருஷமாக நான் தின்றது எது? நான் தின்றது வேறு என்றால், இது எங்கே போயிற்று? அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அக்கா கேட்டுக்கொண்டதே அதுதானே. ஆனால் நான் தரையைப் பார்த்தேன்.

"அவ மட்டுமா?" என்றார்.

தலையாட்டினேன்.

மகள் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாபா ஆச்சு? நல்லா இல்லையா? வெய்யி, வேற அரைச்சுத் தரேன்" என்று தட்டை எடுக்க வந்தாள். அவர் இடது கையால் தட்டைப் பிடித்துக்கொண்டார். வலது கையில் இருந்ததை வாயில் போட்டு மென்றார். முகம் சுருங்கியது, தொண்டை அதை வெளியே தள்ளப் பார்த்தது, தண்ணீர்கூடக் குடிக்காமல் விழுங்கினார். அடுத்த துண்டைப் பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் தாடையில் இறங்கிக்கொண்டே இருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

"வேணாம்ணே. வெச்சிடுங்க. எதனாலன்னு டாக்டரே சொல்லல" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டை விரலால் சுத்தமாக வழித்துத் தின்றுவிட்டு, மகளிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துமா."